கடைசி நாள் கச்சேரிக்கு யார்?

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான் இருப்பதே பலருக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் சேர்த்தார்கள். நான் மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். பஸ் ஓடாத நாட்களில் ஊரில் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் திண்டாடிப் போனார்கள். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் இருக்கிற கொட்டாம்பட்டிப் பக்கம் போகிற பால் வண்டியில் மாத்திரைகளைப் பெயர் எழுதிக் கட்டிக் கட்டி அனுப்பினேன். அக்கா, அக்கா என்று ஊரே உருகியது. காலனிக்காரி கை பட்ட அட்டை என்று ஒருவரும் மாத்திரையைக் கழுவி விழுங்கவில்லை. நோய் போனது, பஸ் வந்தது, என்னைக் குழுவிலிருந்து எடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். நானும் அங்கே வாயைத் திறந்ததில்லை. அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது.

எங்கள் ஊரை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான். ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், கோயில், கச்சேரி நடக்கிற மந்தைத் திடல். இந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் எங்கள் காலனி. எங்கள் ஆட்கள் அவர்கள் வயலில் வேலை செய்தவர்கள். இப்போது பாதிப் பேர் திருப்பூரிலும் மதுரையிலும் வேலை பார்க்கிறார்கள். சிலர் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார்கள். நான் பார்மசிஸ்ட். ஆனாலும் திருவிழாக் கச்சேரியை நாங்கள் பார்ப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான். யாரும் வரக்கூடாது என்று போர்டு வைத்திருப்பதில்லை. போர்டு வைத்தால்தான் படித்துவிட்டுச் சண்டை போடலாமே.

மாசி பிறந்தால் குழுவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். பங்குனிப் பொங்கல் மூன்று நாள். முதல் நாள் நாடகம், மறுநாள் கரகாட்டம். இவற்றை யார் வேண்டுமானாலும் பேசி முடித்துக்கொள்ளலாம், ஒருவரும் கண்டுகொள்வதில்லை. கடைசி நாள் கச்சேரி மட்டும் மானப் பிரச்சினை. பக்கத்து ஊர்க்காரர்கள் டிவி பாட்டுப் போட்டியில் வந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, ரோட்டில் வண்டி போக முடியாதபடி கூட்டம் சேர்த்துவிட்டார்கள். அந்தப் படத்தை எவனோ ஒருவன் வருஷம் பூராவும் குழுவில் போட்டுக்கொண்டே இருப்பான். நம் ஊர் என்ன கையாலாகாத ஊரா என்று கீழே ஒரு வரி.

இந்த ரசிகர்களின் சண்டையை நான் கடையில் உட்கார்ந்து படிப்பேன். சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் நூறு செய்தி ஏறியிருக்கும். டிவி பெண்தான் வேண்டும் என்று ஒரு கூட்டம். போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கொடுக்காமல் நடுவர்கள் சதி செய்துவிட்டார்கள் என்று அவர்கள் அடித்துச் சொல்வார்கள். திண்டுக்கல் பக்கத்துப் பழைய ஆர்கெஸ்ட்ராதான் என்று தலை நரைத்தவர்கள். அதில் சாக்ஸபோன் ஊதுகிறவருக்கு இப்போது பல் இல்லை என்று ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான். டிஜே வையுங்கள் போதும் என்று திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன்கள். கல்ஃபில் இருக்கும் ஒருவர் நீள நீளமாகக் குரல் செய்தி அனுப்புவார். யார் முதலில் பாட வேண்டும், யார் முடித்து வைக்க வேண்டும், நடுவில் எத்தனை குத்துப் பாட்டு என்று போருக்குத் திட்டம் போடுவதுபோல் சொல்வார். அவர் திருவிழாவுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இந்தப் பெண் நிஜமாகவே பாடுகிறாளா, பின்னால் டிராக் ஓடுகிறதா என்று அலங்காநல்லூர் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பாடகிகளைப் பிரித்து மேய்வார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். அந்த வருஷம்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் அந்தப் பட்டியலில் என் தம்பி வந்தான்.

தம்பி மதுரையில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான். திருவிழா மாதங்களில் ஒரு நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் பாடுவான். அவன்தான் அதில் முதல் குரல். பட்டறைப் புகையில் நாள் பூராவும் நிற்கிறவனுக்கு எப்படி அப்படியொரு குரல் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவனைப் பிரபலமாக்கிய பாட்டு என் வீட்டில்தான் பிறந்தது. அம்மா நடவுக்குப் போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கொடுத்த மாத்திரை அவளுக்கு ஆகாது, தைலம்தான் வேண்டும். தம்பி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, எந்தெந்த வயலில் நட்டாய் என்று கேட்டான். அவள் முனகிக்கொண்டே சொன்னாள். ஆலடிச் செய், கோயில் வயல், மடைக்கால் ஓரம், நெட்டைக் குண்டு, பள்ளச் செய் என்று நிறுத்தாமல் போனது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் குனிந்து நட்ட வயல்கள். தம்பி தேய்ப்பதை நிறுத்திவிட்டான். அந்தப் பெயர்களை அப்படியே வரிசையாக வைத்துப் பாட்டாக்கிவிட்டான்.

அதை அவர்கள் குழு போனில் படம் பிடித்துப் போட்டது. எங்கள் ஊர்ப் பையன்கள்தான் முதலில் தூக்கிக்கொண்டாடினார்கள். தங்கள் வயல் பெயர் பாட்டில் வருகிறதே. ஊர் மாடு அலங்காநல்லூர் வாடிவாசலில் பாய்ந்து வெளியே வருகிற வீடியோவுக்குப் பின்னால் அந்தப் பாட்டை ஒட்டினார்கள். அதற்கப்புறம் அது எங்கெங்கோ போய்விட்டது. என் கடைக்கு வரும் யுனிவர்சிட்டிப் பையன்களின் போன் மணி அடித்தால்கூட அதுதான். எங்கள் அம்மா முதுகு ஒடிந்து நட்ட வயல்களின் பெயரில் அவர்கள் மாடு ஓடியது. சொன்னால் எனக்குப் பொறாமை என்பார்கள். சொல்லத்தான் செய்வேன்.

மாசியில் குழுவின் அட்மின் ஓட்டெடுப்பு வைத்தான். அட்மின் என்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரில் விவசாயம் பார்க்கிற பையன். ஆலடிச் செய் அவர்கள் வீட்டு வயல். பாட்டில் முதல் பெயராக அது வருவதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. பட்டறைக்கே போய்த் தம்பியோடு படம் எடுத்துக்கொண்டு வந்தவன் அவன். டிவி பெண், ஆர்கெஸ்ட்ரா, டிஜே, கடைசியாகத் தம்பியின் குழு என்று நாலு பெயர் வைத்தான். தம்பியின் குழுவுக்கு ஓட்டு குவிந்தது. நம் மண்ணின் பாட்டு நம் மந்தையில் ஒலிக்காமல் வேறு எங்கே ஒலிப்பது என்று கல்ஃப்காரர் குரல் செய்தியில் தழுதழுத்தார். பக்கத்து ஊர்க்காரன் இனி வாயைத் திறக்க முடியாது என்றார்கள். இந்தப் பாட்டைப் பாடுகிறவன் எந்தத் தெரு என்று ஒருவரும் எழுதவில்லை. தெரியாமல் இல்லை, சின்ன ஊர்தான். பாட்டின் மயக்கத்தில் அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரம் எங்கள் ஊர் நல்ல ஊராக இருந்தது.

தம்பி எனக்குப் போன் செய்தான். எத்தனையோ ஊர் மேடைகளில் பாடியவன். அன்றைக்கு அவனுக்குப் பேச்சே கோர்வையாக வரவில்லை.

"அக்கா, நம்ம ஊரு மந்தையில பாடப் போறேன்க்கா."

வேறு எதுவும் அவன் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. பட்டறை சொந்தமாக வைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்றெல்லாம் நான்தான் நச்சரிப்பேன். அவன் சின்ன வயதிலிருந்து தொட்டிப் பக்கம் நின்று பார்த்த மேடை அது. முகம் தெரியாது, மைக் பிடித்த கை மட்டும் விளக்கில் மினுங்கும் என்பான். அந்த மேடையில் நின்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

அம்மாவிடம் அவனே போய்ச் சொன்னான். நானும் கூட இருந்தேன். அம்மா சந்தோஷப்பட்டாள்தான். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நான் எங்கன உக்காரணும்?"

முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன் என்றான் தம்பி. அம்மா அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும்தான் படித்த திமிர், சம்பாதிக்கிற திமிர். எல்லாம் மாறிவிட்டது என்று நாங்கள்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் கச்சேரியின் முதல் குரல் யாரோ அவரைக் கோயில் வாசலுக்கு அழைத்துப்போய்த் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். சாமிக்குச் சாத்திய துணி அது. கட்டிவிட்டுக் கையைப் பிடித்து, மேளத்தோடு மந்தை வழியாக நடத்தி மேடை ஏற்றுவார்கள். கட்டுகிற உரிமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான். இப்போது அந்த உரிமை உள்ளவர் ஒன்றும் பழங்காலத்து ஆள் இல்லை. ஜீன்ஸ் போடுகிறவர். மேலூர் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். மகளைக் கனடாவில் படிக்க வைக்கிறார். கொரோனாவில் என்னிடம் மாத்திரை வாங்கித் தின்றவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு மத்தியானம் குழுவில் அவருடைய குரல் செய்தி வந்தது. கோயில் கமிட்டிக்கென்று தனியாக ஒரு சின்னக் குழு இருக்கிறதாம். அதில் போட வேண்டியதைத் தவறிப் பெரிய குழுவில் போட்டுவிட்டார். நான் அப்போது ஒரு பாட்டிக்குக் கண் சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கச்சேரி விஷயம்தானே என்று போனைக் காதில் வைத்தேன்.

"ஏன்டா, நம்ம செய்யில நாத்து நடுறவ மகன். அவன் தலையில நான் துணியக் கட்டி, கையப் பிடிச்சு மந்தையில கூட்டிட்டு நடக்கணுமா? நாளப்பின்ன அவ எப்படிடா நம்ம வயல்ல குனிஞ்சு நடுவா?"

கோபமாகக்கூடப் பேசவில்லை. கணக்கில் ஏதோ உதைக்கிறதே என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. ஆனால் நான் கேட்டுவிட்டேன். மருந்தை மாற்றிக் கொடுத்துவிடக்கூடாதே என்று பெட்டியின் மேலிருந்த பெயரை இரண்டு தரம் படித்துப் பார்த்துக் கொடுத்தேன். அந்தப் பேச்சில் எனக்கு உறைத்தது எது தெரியுமா? அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவே அந்த வாக்கியம் அமைந்திருந்ததுதான். மகன் தலையில் துணி ஏறினால் தாய் முதுகு நிமிர்ந்துவிடும். அந்தப் பயம் அவருக்கு இருந்தது. எங்களுக்குத்தான் அப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

குழுவில் அன்றைக்குப் பூராவும் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் ஓட்டெடுப்பைக் காணோம். கச்சேரி பற்றிக் கமிட்டி முடிவு செய்யும் என்று ஒரு வரி வந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் நான்கூட ஆறிப்போயிருப்பேன். எங்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? பாட்டு வேண்டுமே.

முதலில் ஒருவன் எழுதினான். பாட்டுக் குழு வரட்டும் மாப்ள, பாட்டு வரட்டும், ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்றான். அதற்கு அடுத்தவன் கைதட்டினான். பிறகு பழைய காய்ச்சல் திரும்பிவிட்டது. தம்பியின் இடத்தில் யார் பாடினால் பொருத்தமாக இருக்கும் என்று விவாதம். இவன் குரலில் கரகரப்பு போதாது, அவன் மேல் சுதிக்கு ஏறமாட்டான், இவனுக்கு ஏறும் ஆனால் மண் வாசனை இல்லை என்று ஆளாளுக்கு வீடியோ போட்டார்கள். என் தம்பி உயிரோடு, பத்திருபது மைல் தள்ளி, பட்டறையில் கம்பி ஒட்டிக்கொண்டு இருக்கிறான். இங்கே அவனுக்கு வாரிசு தேடுகிறார்கள். ஒரிஜினல் மாதிரி வராதுதான், ஆனால் சமாளிக்கலாம் என்று அட்மின் எழுதினான். கெட்ட வார்த்தை எனக்கு நன்றாக வரும். அதை டைப் செய்து டைப் செய்து அழித்தேன்.

தம்பி குழுவின் தலைவர் நல்ல மனுஷன்தான். ஊர்க் கமிட்டி கூப்பிட்டுப் பேசியதை அவரே பட்டறைக்கு வந்து தம்பியிடம் சொன்னார். நீ வேண்டாம் என்றால் குழு வராது என்றும் சொன்னார். ஆனால் அந்தப் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு இந்தக் கமிட்டிக்காரர்கள்தான் சொந்தபந்தம். ஒரு ஊரில் முறைத்துக்கொண்டால் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். தவில்காரருக்கு மூன்று பிள்ளைகள். தலைவர் இதையெல்லாம் சொல்லவில்லை, தம்பிக்கே தெரியும். போய்ட்டு வாங்கண்ணே என்று சொல்லிவிட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. ரோஷம் கெட்டவனே என்று போனில் திட்டினேன். பாட்டைப் பாட விடமாட்டேன் என்று சொல்லு, கேஸ் போடலாம், எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டியாக்கா என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கச்சேரி நாளன்று அவன் ஊரில் இருக்க விரும்பவில்லை. காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் லீவு போட்டிருந்தேன். மட்டன் எடுத்துக் குழம்பு வைத்தேன். சாப்பிட உட்காரும்போது அவன் போன் அடித்தது. அவனுக்குப் பதிலாகப் பாடப் போகிறவன். குழுவில் துணைக்குரல் பாடும் பையன், தம்பியைவிட இளையவன். அண்ணே, நெட்டைக் குண்டுக்கு அப்புறம் இழுக்கிற இடம் பிடிபட மாட்டேங்குதுண்ணே என்றான். போனை எடுத்துக் கிணற்றில் போடு என்றேன் நான். எங்கள் வீட்டில் கிணறு இல்லை. தம்பி ஸ்பீக்கரில் போட்டு, இலை முன்னால் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான்.

பெயர் பெயராகச் சொல்லிக் கொடுத்தான். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே தவிலுக்கு விட வேண்டும் என்று சொன்னான். பள்ளச் செய் வரும்போது குரலைத் தாழ்த்து, அது பள்ளம், அங்கே நட்டால் முழங்கால்வரை சேறு என்றான். அந்தப் பக்கத்தில் அவன் பாடப் பாட இவன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். பாட்டின் முடிவு கேள்வி பதில் மாதிரி. இம்புட்டு வயலையும் நட்டது யாரு என்று பாடகன் கேட்க வேண்டும். கூட்டம், எங்க ஆத்தா என்று திருப்பிச் சொல்லும். அதைக் கேட்கிற இடத்தில் சிரிக்காதே, நிஜமாகத் தெரியாமல் கேட்பதுபோல் கேள் என்று தம்பி சொன்னான். குழம்பு ஆறிப் போய்விட்டது.

போனை வைத்ததும் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அவன் தப்பாப் பாடுனா அம்மா நட்டது தப்பாப் போயிரும்க்கா," என்றான்.

மட்டனைச் சூடு பண்ணிப் போட்டேன். இரண்டு துண்டு தின்றான்.

சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் நேரலை லிங்க் போட்டார்கள். தம்பி பார்க்கவில்லை, மொட்டை மாடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோயில் வாசலில் உரக்கடைக்காரர் அந்தப் பையனின் தலையில் பரிவட்டம் கட்டினார். குனிந்து முடிச்சைச் சரிபார்த்துக் கட்டினார். பிறகு கையைக் கோத்துக்கொண்டு மேளத்தோடு மந்தை வழியாக நடத்தி மேடைக்குக் கூட்டிப் போனார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக ஹாலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஏனென்றால் அந்தப் பையன் சிவகங்கைப் பக்கம். எங்கள் ஆள்தான். அவன் அம்மாவும் யாரோ ஒருவர் வயலில் நடவு நடுகிறவள்தான். அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவள் குனிவது வேறு ஊர் வயலில். அவள் நிமிர்ந்தால் வேறு ஊர்க்காரனுக்குத்தான் நஷ்டம். இவர்கள் சாதி பார்க்கிறார்கள் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரியை விட்டுவிடாமல் இருக்கப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அவன் நன்றாகத்தான் பாடினான். தம்பி சொல்லிக் கொடுத்தபடியே பாடினான். பள்ளச் செய்யில் குரல் இறங்கியது. கடைசியில் அவன் கேட்டபோது மந்தை பூராவும் எழுந்து நின்று கத்தியது. மறுபடியும் மறுபடியும் கேட்கச் சொன்னார்கள். அட்மின் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆடினான்.

மறுநாள் காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். தம்பி பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தான். நீ போகவில்லையே என்று கேட்டேன். போனேன் என்றாள். தொட்டிப் பக்கம் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றாளாம். மகன் பாட்டை வேறு ஒருவன் பாடுகிறான், அதைப் போய்ப் பார்க்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன்.

"அம்புட்டுப் பேரும் எங்க ஆத்தா, எங்க ஆத்தான்னு கத்துனாய்ங்க தாயி. நான் அங்கனதான் நின்டேன்," என்றாள். "ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

சொல்லிவிட்டு, கோழி உள்ளே வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். தம்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினான்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டை எங்கள் ஊர் வயல் பெயர்களோடு பாடுவதில்லை. எந்த ஊருக்குப் போகிறானோ அந்த ஊரில் காலையிலேயே இறங்கி, நடவுக்காரப் பெண்களிடம் போய் வயல் பெயர்களைக் கேட்டுக்கொண்டு, ராத்திரி அவற்றைப் பாடுவான். அதுவும் பிடித்துப்போய்விட்டது ஜனங்களுக்கு. எல்லா ஊரிலும் வயலும் இருக்கிறது, குனிகிறவளும் இருக்கிறாள். ஐப்பசியில் புதிதாக ஒரு வீடியோ போட்டார்கள். அதில் ஆலடிச் செய் இல்லை, நெட்டைக் குண்டு இல்லை. எங்கள் ஊரின் ஒரு வரப்புகூட இல்லை.

ஊர் வாட்ஸ்அப் குழு கொதித்துவிட்டது. நம் ஊரால் வளர்ந்தவன் என்றார்கள். பிறந்த மண்ணை மறந்தவன் என்றார்கள். நாலு பேர் கைதட்டியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். இவனைப் போய் நாம் கடைசி நாளுக்குக் கூப்பிட நினைத்தோமே என்று கல்ஃப்காரர் வருத்தப்பட்டார். கூப்பிடாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று உரக்கடைக்காரர் எழுதினார். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல். நான் வழக்கம்போல் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் அட்மின் எனக்குப் போன் செய்தான். நான் குழுவில் இருப்பது அவனுக்கு மட்டும் நினைவிருந்திருக்கிறது. கெட்ட பையன் இல்லை. தம்பியின் பாட்டு என்றால் அவனுக்கு நிஜமாகவே உயிர். பசங்க எல்லாம் மனசு விட்டுப்போயிட்டாங்கக்கா, அண்ணன்கிட்ட நீங்க சொன்னா கேப்பாரு, ஆலடிச் செய்ய மட்டுமாவது திரும்பப் போடச் சொல்லுங்கக்கா என்று கெஞ்சினான். அந்தப் பெயர் இல்லாமல் பாட்டைக் கேட்டால் என்னமோ தன் வீட்டில் இழவு விழுந்தது மாதிரி இருக்கிறதாம்.

எத்தனை நாளாகவோ அடக்கி வைத்திருந்தது எனக்கு வெளியே வந்தது. கடையில் ஆள் நிற்பதையும் பார்க்கவில்லை.

"வயல் உங்களுதுதான தம்பி. நீங்களே நட்டு, நீங்களே பாடிக்கங்க," என்றேன்.

அவனுக்கு நான் சொன்னது நிஜமாகவே விளங்கவில்லை.

"நாங்க எதுக்குக்கா நடணும்?" என்றான். "நாளைக்கு ஆலடிச் செய்யிலதான் நடவு. ஒங்க அம்மாதான் வாராங்களே."